துல்ஸ்க் பக்கம் போனா ராத்குரோகனை எப்படி சுத்திப் பாக்கறது

அயர்லாந்துல ரோஸ்காமன் கவுண்டில துல்ஸ்க்னு ஒரு சின்ன கிராமம் இருக்கு, அங்கருந்து கொஞ்ச தூரத்துல ராத்குரோகன், அயர்லாந்தோட மேற்குப் பகுதியான கொனாக்ட் ராஜாக்களோட பழைய தலைமையிடம். நிறைய பேரு ரோட்டோரம் காரை நிறுத்தி ஒரு மேட்டைப் பாத்துட்டு வெறும் புல்லுதானேன்னு கிளம்பிடறாங்க, பாக்கவே வருத்தமா இருக்கும். ஒரு 6 சதுர கிலோமீட்டர் சுத்துல 240 தொல்லியல் இடத்துக்கும் மேல இருக்குங்க, ஆனா முக்காவாசி மண்ணுக்கடியில, கதை தெரியாம போனா ஒண்ணுமே புரியாது.

அதனால முதல்ல துல்ஸ்க்ல இருக்கற விசிட்டர் சென்டருக்குப் போங்க, கைடு டூர் இருக்கான்னு முன்னாடியே போன் பண்ணி கேட்டுடுங்க. பல இடம் விவசாயிங்களோட சொந்த நிலம், குகைக்கெல்லாம் கைடோடதான் போகணும்.

அப்புறம் பெரிய மேடு. சுமாரா 90 மீட்டர் அகலம், மேல ஏறி நின்னா சுத்தி எல்லாமே மேய்ச்சல் நிலம். பழைய ஐரிஷ் கதைல வர்ற கொனாக்ட் ராணி மேவோட அரண்மனை இங்கதான்னு சொல்வாங்க. அவங்களும் புருஷன் அலிலும் படுக்கையில யாருக்கு சொத்து ஜாஸ்தின்னு பேச ஆரம்பிச்சு, எல்லாம் சமமா வந்து, அவன்கிட்ட இருந்த வெள்ளைக்கொம்பு காளை மட்டும் இவங்ககிட்ட இல்லன்னு ஆகி, அதுக்கு ஈடா வடக்குப் பகுதியான அல்ஸ்டர்ல இருந்த பழுப்புக் காளைய பிடிக்க படையே கிளப்பிட்டாங்க. கடைசில ரெண்டு காளையும் மோதுன இடம்னு ராத்நடார்வ்னு ஒரு வட்டக்கரை, அதாவது பழங்காலத்துல வட்டமா மண்கரை எழுப்புன இடம், இருக்கு, மேட்டுக்கு அப்புறம் அதைப் பாத்தா கதை ஒரு கோர்வையா வரும்.

பூனைக் குகைய கடைசில வச்சுக்கங்க, ஏன்னா உள்ள முழுக்க சேறு, உடம்பெல்லாம் ஆயிடும். பழைய துணி, முழங்கால் பூட்ஸ், டார்ச் கண்டிப்பா வேணும். வாசல் ஒரு முள்மரத்தடியில சின்ன பொந்து மாதிரி, தவழ்ந்துதான் போகணும், நெருக்கடியான இடம்னா பயம் இருக்கறவங்க வெளியவே நின்னுக்கலாம், அதுல தப்பில்ல. நுழைஞ்சதும் தலைக்கு மேல பாருங்க, கல்லோட விளிம்புல ஓகம்னு கோடு கோடா வெட்டற பழைய ஐரிஷ் எழுத்துல ‘மேவோட மகன் ஃப்ரேக்’னு வெட்டியிருக்கு, டார்ச்சை நேரா அடிக்காம பக்கவாட்டுல அடிங்க, அப்பதான் கோடு தெரியும். அதுக்கப்புறம் கட்டுன பாதை முடிஞ்சு சுண்ணாம்புப் பாறைல இயற்கையா ஆன பிளவு. அக்டோபர் 31 ராத்திரி, அதாவது சவுன்ங்கற பழைய ஐரிஷ் பண்டிகை, மோரிகன்ங்கற போர் தேவதையும் பேய் மிருகங்களும் இது வழியாத்தான் வெளிய வரும்னு நம்பிக்கை, ஹாலோவீன் பொறந்த இடமே இதுதான்னு அந்த ஊர்க்காரங்க சொல்றாங்க.

தனியா நிக்கற முள்மரத்துல கிளைய ஒடிக்காதீங்க, அதுவும் வட்டக்கரைங்களும் தேவதைங்களோடதுன்னு ஊர்ல நம்பிக்கை. அந்த பயத்துலதான் அயர்லாந்து முழுக்க எத்தனையோ வட்டக்கரைய யாரும் உழாம விட்டிருக்காங்க, அதனால இதை மூடநம்பிக்கைன்னு தள்ளிவிட எனக்கு மனசு வராது. மெட்டல் டிடெக்டர் எடுத்துட்டுப் போகவே வேணாம், அனுமதி இல்லாம பழம்பொருள் தேடறது அங்க சட்டப்படி குத்தம். கேட்டைத் திறந்தா மறக்காம சாத்துங்க, மாடு மேயற நிலம், நாயையும் கூட்டிட்டுப் போகாதீங்க.