பழைய திகில் தொடரைப் பார்த்துவிட்டுக் கருத்து எழுதுவது எப்படி

'த்ரில்லர்' தொடர் நன்றாக இருக்குமா என்று யாராவது கேட்டால், "எந்தக் கதையைக் கேட்கிறீர்கள்?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி 1960 செப்டம்பரிலிருந்து 1962 ஏப்ரல் வரை ஒளிபரப்பிய கறுப்பு வெள்ளைத் தொடர் அது. மொத்தம் 67 கதைகள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தம் கிடையாது. நடிகர்கள் மாறுவார்கள், இயக்குநர் மாறுவார், எழுதியவர் மாறுவார். மாறாமல் வந்தவர் போரிஸ் கார்லாஃப் மட்டும்தான். ஒவ்வொரு கதைக்கும் முன்னால் வந்து நின்று நம்மை உள்ளே அழைத்துப் போவார். 1931-ல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் அந்தக் கோரமான மனிதனாக நடித்தாரே, அவரேதான்.

இப்படி ஒரு தொடருக்கு மொத்தமாக ஒரு மதிப்பெண் போட்டால் அது எந்தக் கதைக்கும் பொருந்தாது. நான் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு கதைக்கு ஒரு பக்கம். பல வருடங்களாக அதில் எழுதி வந்ததில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். இந்தத் தொடருக்கு மட்டுமல்ல, அந்தக் காலத்தில் வந்த இதுபோன்ற தனிக்கதைத் தொடர்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

முதல் கதையிலிருந்து வரிசையாகப் பார்க்க ஆரம்பிக்காதீர்கள். இதை நான் அழுத்தியே சொல்வேன். தொடக்கத்தில் வந்த கதைகளில் பெரும்பாலானவை குற்றக்கதைகள். மிரட்டல், கொலை, பின்தொடரும் ஆள் என்றுதான் போகும். பேய் பிசாசுக்கு அங்கே இடமே இருக்காது. அப்புறம் தயாரிப்புப் பொறுப்பு கைமாறியது. மாக்ஸ்வெல் ஷேன் குற்றக்கதைகளையும் வில்லியம் ஃபிரை திகில் கதைகளையும் பார்த்துக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் தொடருக்கு இன்றைக்கு இருக்கும் பெயர் வந்தது. "பேய்க்கதை என்றார்கள், மூன்று பார்த்தேன், ஒன்றும் இல்லை" என்று ஒருவர் எழுதியிருந்தால் அவர் பொய் சொல்லவில்லை. அந்த முதல் மூன்றைப் பார்த்திருப்பார், அவ்வளவுதான். அதனால் அடுத்தவர் கருத்தைப் படிக்கும்போது முதலில் அவர் எந்தெந்தக் கதைகளைப் பார்த்தார் என்று தேடுங்கள். கதையின் பெயரே இல்லாத கருத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை.

எங்கே ஆரம்பிப்பது? 1960 டிசம்பரில் வந்த 'தி சீட்டர்ஸ்' நல்ல வாசல். போட்டுக்கொண்டவருக்கு உண்மையைக் காட்டிவிடும் ஒரு மூக்குக்கண்ணாடி கைமாறிக் கைமாறிப் போகிறது. அடுத்து 1961 ஜனவரியில் வந்த 'தி ஹங்ரி கிளாஸ்'. பிறகு அதே வருடம் ஜூனில் அடுத்தடுத்த வாரங்களில் வந்த 'பிஜன்ஸ் ஃப்ரம் ஹெல்', 'தி கிரிம் ரீப்பர்' இரண்டும். இந்த நான்கும் உங்களுக்குப் பிடிக்காவிட்டால் மற்ற 63-ஐயும் தேடிப் போகவேண்டியதில்லை. பிடித்தால் அப்புறம் குற்றக்கதைகளுக்கும் திரும்பி வாருங்கள், அவற்றிலும் சில நல்லவை இருக்கின்றன. ஐடா லுபினோ இயக்கிய கதைகளைத் தனியாகத் தேடிப் பாருங்கள். நடிகையாகப் பெயர் வாங்கியவர். அந்தக் காலத்தில் தொலைக்காட்சியில் இயக்கிய பெண்கள் மிகச் சிலரே. இந்தத் தொடரில் மட்டும் அவர் பல கதைகளை இயக்கியிருக்கிறார். ஆனால் அவருடைய கதைகளைப் பாராட்டுகிறவர்கள்கூட அவர் பெயரைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம்.

பார்க்கும் முறைக்கு வருவோம். ஒரு கதை சுமார் 50 நிமிடம் ஓடும். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். திரையின் வெளிச்சத்தை மட்டும் கூட்டாதீர்கள். கூட்டினால் கறுப்பு சாம்பலாகிவிடும். இந்தத் தொடரில் பாதிப் பயம் அந்தக் கறுப்பில்தான் இருக்கிறது. ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது, பல கதைகளுக்கு இசை ஜெர்ரி கோல்ட்ஸ்மித். நடுநடுவே திரை இருண்டு மறுபடி ஒளிரும். அந்த நாளில் விளம்பரம் வந்த இடங்கள் அவை. ஒவ்வொரு இருட்டுக்கும் முன்னால் கதையில் ஒரு முடிச்சு விழுந்திருக்கும். அது தெரியாமல் பார்க்கிறவர்கள்தான் "கதை துண்டு துண்டாக இருக்கிறது" என்று எழுதுகிறார்கள்.

கதை முடிந்ததும் அடுத்தவர் கருத்தைப் படிக்கும் முன் மூன்று வரி எழுதிவிடுங்கள். நோட்டோ, கைபேசியோ, எதில் வேண்டுமானாலும் இருக்கட்டும். பயம் எந்த இடத்தில் தொடங்கியது? அந்த இடத்தில் திரையில் என்ன இருந்தது? முடிவு நம்பும்படி இருந்ததா? இவ்வளவு போதும். "பயமாக இல்லை" என்பது உண்மையான கருத்துதான், ஆனால் படிப்பவருக்கு அதனால் உதவி இல்லை. எது பயமாக இல்லை என்று சொன்னால்தான் அது உதவும்.

என் அக்கா மகனுக்குப் பதினாறு வயது. 'பிஜன்ஸ் ஃப்ரம் ஹெல்' பார்க்க அவனைக் கூட உட்கார வைத்தேன். சகோதரர்கள் இரண்டு பேர். கார் சேற்றில் மாட்டிக்கொள்கிறது, பக்கத்தில் ஆள் இல்லாத பழைய மாளிகை. முகத்துக்கு மேக்கப் போட்டுப் பயமுறுத்தும் இடத்தில் அவன் சிரித்துவிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு காட்சி வரும். அந்த ஊர்ப் போலீஸ் அதிகாரியான ஷெரிஃப் கையில் விளக்கோடு மாடிக்குப் போகிறார். மேலே போனதும் விளக்கு மங்குகிறது. திரியிலும் குறை இல்லை, எண்ணெயிலும் குறை இல்லை. மேலே மட்டும் எரிய மறுக்கிறது, அவ்வளவுதான். யாரும் வரவில்லை, எதுவும் பாயவில்லை. பையன் காலை மடக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டான். அன்று அவன் எழுதியது: "பேய் பயமாக இல்லை. விளக்கு பயமாக இருந்தது." நான் படித்த கருத்துகளில் அதுதான் மிகச் சரியானது. எதற்காக இந்தக் கதையைப் பார்க்க வேண்டும், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டான்.

"மெதுவாகப் போகிறது" என்ற புகாரை எங்கும் பார்ப்பீர்கள். எழுதும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: மெதுவா, இழுவையா? அரைமணி நேரக் கதையில் ஒரு திருப்பம் போதும். ஒருமணி நேரத்தில் அது போதாது. 'ட்வைலைட் ஸோன்' என்ற இன்னொரு தனிக்கதைத் தொடர் 1963-ல் ஒரு பருவம் மட்டும் ஒருமணி நேரத் தொடராகி, மறுபடி அரைமணிக்கே திரும்பியது. திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக்கின் தொடரும் 1955-லிருந்து அரைமணியாக இருந்து 1962-ல் ஒருமணியாக நீண்டது. இரண்டு அளவிலும் ஒவ்வொன்று பார்த்தால் வித்தியாசம் உங்களுக்கே புரியும். 'த்ரில்லர்' தொடக்கத்திலிருந்தே விளம்பரத்தோடு சேர்த்து ஒருமணி நேரம். சில கதைகளில் அந்த நேரம் வீணாகத்தான் போகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆள் நடப்பது, கதவைத் திறப்பது, நிற்பது எல்லாம் நம்மைத் தயார்படுத்தும் இடங்களும் உண்டு. காட்சியை எடுத்துவிட்டால் பயம் குறையுமா என்று யோசியுங்கள். குறையும் என்றால் அது இழுவை இல்லை.

இனி மிக முக்கியமான விஷயம். முடிவை உடைக்காதீர்கள். 'தி ஹங்ரி கிளாஸ்' பார்க்கப் போகிற அன்று, ஒருவர் எழுதியிருந்த கருத்தைப் படித்தேன். முதல் வரியிலேயே கடைசிக் காட்சி இருந்தது. கதை முழுவதும் அந்தக் காட்சிக்காகக் காத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதையை முதல்முறை பார்க்கும் அனுபவம் எனக்குக் கிடைக்கவே இல்லை, இனியும் கிடைக்காது. இன்றும் மனசு ஆறவில்லை. பழைய தொடர்தானே, எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். முதல்முறையாகப் பார்க்கிறவர் இன்றைக்கும் இருக்கிறார்.

அப்படியானால் எவ்வளவு சொல்லலாம்? முதல் கால்மணியில் தெரிவதைத் தாராளமாகச் சொல்லலாம். 'தி ஹங்ரி கிளாஸ்' பற்றி நான் இப்படி எழுதினேன்: "கணவனும் மனைவியும் கடலோரத்தில் பழைய வீடு ஒன்றை வாங்குகிறார்கள். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றுகூட இல்லை. கணவன் கொரியப் போரில் மனம் நொந்து திரும்பியவன். அவன் பார்ப்பது நிஜமா, பழைய நோயா என்ற தவிப்பு என்னை விடவில்லை. வில்லியம் ஷாட்னர் அதை மிகையில்லாமல் நடித்திருக்கிறார்." இதில் எதுவும் கெட்டுப்போகவில்லை. பார்க்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யவும் இது போதும். முடிவைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும் என்றால் பார்த்தவரோடு பேசுங்கள், அல்லது எச்சரிக்கை போட்டுவிட்டுக் கீழே தனியாக எழுதுங்கள்.

பிடிக்காத கதையை இன்னொரு முறை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். 1962-ல் வந்த 'தி இன்கிரெடிபிள் டாக்டர் மார்கேசன்' கதையில் கார்லாஃபே நடித்திருக்கிறார். கையில் காசில்லாத இளம் தம்பதி தங்க இடம் கேட்டு மாமா வீட்டுக்கு வருகிறார்கள். இரவில் அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்கிறார் மாமா. முதல்முறை பார்த்தபோது, "கார்லாஃப் மரக்கட்டை மாதிரிப் பேசுகிறார், வயதாகிவிட்டது" என்று எழுதினேன். இரண்டு வருடம் கழித்து மறுபடி பார்த்தேன். ஒரே தொனியில் இழுத்துப் பேசும் அந்தக் குரல், கண் சிமிட்டாமல் பார்க்கும் பார்வை, மெதுவாகத் திரும்பும் கழுத்து எல்லாம் அவர் வேண்டுமென்றே செய்தவை. ஏன் என்று பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

முதலில் எழுதிய வரியை நான் அழிக்கவில்லை. ஒரு கோடு மட்டும் இழுத்து, கீழே புதுத் தேதி போட்டு எழுதினேன். அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் கீழ்ப்பாதியைக் காலியாக விட்டுவிடுகிறேன். நீங்களும் நோட்டு ஆரம்பித்தால் அப்படியே விடுங்கள்.