20 அடித் தெப்பத்தைக் கிரேனில் தூக்கிக் குளத்தில் இறக்குவது எப்படி?

காரைக்குடிப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், ஷெட் வேலைகளோடு கோயில்களுக்கு இரும்புத் தெப்பமும் செய்து கொடுக்கிறோம். திருக்கோஷ்டியூர் மாசித் தெப்பத்துக்குப் போய்விட்டு வருகிறவர்களுக்கு, நம்ம ஊர்க் குளத்திலும் சாமி தெப்பம் ஏற வேண்டும் என்று ஆசை வருவது சகஜம். பீப்பாயும் மூங்கிலும் வைத்துக் கட்டுகிற தெப்பத்தைத் தண்ணீருக்குள் நின்றே கட்டிவிடலாம், தூக்குகிற வேலை கிடையாது. இரும்புத் தெப்பத்தைக் கரையில் கோத்து, கிரேனில் தூக்கித்தான் வைக்க வேண்டும். பல வருடம் உழைக்கும் என்பதால் ஊர்க்காரர்கள் இதைத்தான் இப்போது கேட்கிறார்கள்.

முதலில் எடையைப் பார்த்துவிடுவோம். 20க்கு 20 அடித் தெப்பம், 200 லிட்டர் பீப்பாய் 40. இரும்புச் சட்டம் சுமார் 700 கிலோ, பீப்பாய்கள் 750, மேலே போடும் பலகை 450. ஆக, தூக்கும்போது 2 டன்னுக்கு ஒட்டி வரும். பீப்பாய் முழுக்க முங்கினால் 8 டன் தாங்கும் என்று கணக்குச் சொல்லும். அதை நம்பி ஆள் ஏற்றக் கூடாது. படுக்க வைத்த பீப்பாய் பாதி முங்கும் அளவோடு, அதாவது 4 டன்னோடு, நிறுத்திக்கொள்ள வேண்டும். தெப்பம் 2 டன், மண்டபமும் விளக்கும் ஜெனரேட்டரும் 700 கிலோ, வாகனத்தோடு உற்சவர் 300, குருக்களும் ஆட்களுமாக 15 பேர் 1 டன். கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. ஓரத்துப் பீப்பாய்களில் நடு மட்டத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு அடித்து வைத்துவிடுங்கள். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் இன்னொருவர் ஏறக் கூடாது, அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சரி.

பீப்பாய் பழசு என்றால் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். எண்ணெயோ தின்னரோ இருந்த பீப்பாயில் வெல்டிங் வைத்தால் உள்ளே நிற்கும் ஆவி வெடித்துவிடும். எங்கள் பட்டறையில் எந்தப் பீப்பாயிலும் வெல்டிங் வைப்பதில்லை. பட்டைக் கம்பியால் சுற்றிப் போல்ட் போட்டுச் சட்டத்தோடு இறுக்குவோம். மூடிக்கு வாஷர் போட்டு, எம்-சீல் வைத்து, தொட்டியில் ஒரு ராத்திரி அமுக்கிப் பார்த்த பிறகுதான் கட்டுவோம்.

20 அடி அகலத்தை ரோட்டில் கொண்டுவர முடியாது. வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது சட்டம், அதாவது எட்டரை அடி. அதனால் ஏழடிக்குள் மூன்று துண்டாகச் செய்து, லாரியில் ஏற்றி, குளக்கரையில் வைத்துப் போல்ட் போட்டு ஒன்றாக்குவதுதான் வழி. கோக்கிற இடம் சமமாக இருக்க வேண்டும். மேடுபள்ளத்தில் வைத்து முடுக்கினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், தண்ணீரில் ஒரு மூலை தூக்கியே நிற்கும்.

இனி கிரேன். கோயில் கமிட்டியில் எல்லோரும் கேட்கிற கேள்வி, "ஏப்பா, தெப்பம் 2 டன்தானே, 14 டன் ஹைட்ராவே போதாதா?" என்பதுதான். போதாது ஐயா. ஹைட்ரா என்பது தூக்கிய சுமையோடு நகர்கிற சின்னக் கிரேன். 14 டன் என்று எழுதியிருப்பது சுமையை வண்டியோடு ஒட்டிப் பிடித்துத் தூக்கும்போது. பூமை, அதாவது கிரேனின் கையை, நீட்டிப் பத்து மீட்டர் தள்ளி வைக்கிறபோது அதே வண்டி ஒன்று இரண்டு டன்னுக்கு வந்துவிடும். அதனால் கிரேன்காரரிடம் எத்தனை டன் என்று கேட்பதைவிட, எத்தனை மீட்டருக்கு எத்தனை டன் என்று கேளுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் லோட் சார்ட் உண்டு. அதை வாங்கிப் பார்த்த பிறகு வாடகை பேசுங்கள்.

தூரத்தை இப்படிக் கணக்கிடுகிறேன். கரையிலிருந்து அடிமட்டம் 12 அடி ஆழம் என்றால், கிரேன் சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் ஊன்றும் அவுட்ரிகர் கால் குளத்தின் விளிம்பிலிருந்து குறைந்தது 12 அடி தள்ளி நிற்க வேண்டும். ஆழம் எவ்வளவோ அவ்வளவு தள்ளி. அங்கிருந்து கிரேனின் நடு மையம் 9 அடி. படிக்கட்டு தண்ணீர் வரை இறங்கும் தூரம் 12 அடி. தெப்பத்தில் பாதி 10 அடி. படியில் உரசாமல் இருக்க 3 அடி. கூட்டினால் 46 அடி, 14 மீட்டர். அந்தத் தூரத்தில் தெப்பம், தூக்கும் பெல்ட், கொக்கி எல்லாம் சேர்த்து இரண்டரை டன்னைப் பயமில்லாமல் பிடிக்க 25 டன்னுக்குக் குறையாத டெலஸ்கோப்பிக் கிரேன் (பூம் ஒன்றுக்குள் ஒன்றாக நீளும் வண்டி) வேண்டும். இடம் இன்னும் தள்ளிப்போனால் 40 டன். வாடகை கூடத்தான் செய்யும். அதைக் குறைக்க நினைத்துச் சின்ன வண்டியை விளிம்புக்கு நெருக்கி நிறுத்தச் சொல்கிறவர்களிடம் நான் வேலை ஒத்துக்கொள்வதில்லை.

விளிம்பைப் பற்றி நான் இவ்வளவு சொல்லக் காரணம் நம்ம ஊர்க் குளங்கள் கட்டப்பட்ட விதம். செட்டிநாட்டில் ஊருணிச் சுவரும் படியும் பெரும்பாலும் செம்புராங்கல். நேர்ப் பாரத்தைத் தாங்கும், பின்னாலிருந்து மண் தள்ளினால் பிதுங்கிவிடும். இன்னொன்று, கரைக்கு அடியில் வரத்துக்கால்கள் ஓடுகின்றன. தெருத்தெருவாக மழைத் தண்ணீரைச் சேர்த்து ஊருணிக்குக் கொண்டுவரப் பெரியவர்கள் போட்ட வாய்க்கால்கள் அவை. மேலே மண் மூடிப் புல் முளைத்திருக்கும், உள்ளே வெற்றிடம். அவுட்ரிகர் கால் ஒன்று அதன் மேல் உட்கார்ந்தால் முழு வண்டியும் சாயும். ஊரில் வயதான ஆட்களைக் கூப்பிட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் வந்து விழுகிறது என்று கேட்டு, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு ஒதுக்கிவிடுங்கள்.

அப்புறம் கடப்பாறை. கால் வைக்கப் போகிற நான்கு இடத்திலும் ஓங்கிக் குத்திப் பார்ப்பேன். செம்மண் கெட்டியாக இருந்தால் 'ணங்' என்று கை அதிரும், இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் இறங்காது. சத்தமே இல்லாமல் அரை அடி போனால் அது கொட்டிய மண், அல்லது மழை ஈரம் இன்னும் உள்ளே நிற்கிறது. 'தொம்' என்று அடியில் கேட்டால் அந்த இடமே வேண்டாம். நல்ல தரையிலும் கால்களுக்கு அடியில் நாலுக்கு நாலு அடியாவது ரயில் கட்டை அடுக்க வேண்டும். வெறும் இரும்புத் தட்டு போதாது.

கரையோரம் கரண்ட் கம்பி போனால் மின்வாரியத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அன்றைக்கு லைனை நிறுத்தச் சொல்லுங்கள். பூம் கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, நெருங்கினாலே மின்சாரம் தாவும்.

தூக்குவதற்கு நான்கு மூலையிலும் தடித்த பிளேட்டில் ஓட்டை போட்டுச் சட்டத்தோடு வெல்டிங் வைத்த காது வேண்டும். கட்டிடக் கம்பியை வளைத்துக் கொக்கி வைப்பதை நிறைய இடத்தில் பார்க்கிறேன். வெல்டிங் சூட்டில் அந்தக் கம்பி முறுக்கிழந்து, ஒரு வெட்டு இழுப்பில் முறிந்துவிடும். காதுகள் 14 அடிச் சதுரத்தில் இருந்தால் நான்கு 20 அடி பெல்ட் சரியாக வரும், படுமட்டத்திலிருந்து 60 டிகிரி கோணம் கிடைக்கும். பெல்ட் குட்டையானால் படுத்துக்கொள்ளும், படுக்கப் படுக்க இழுவை கூடும். 2 டன் தெப்பத்தை எதிரெதிர் மூலை இரண்டு பெல்ட் மட்டும் தாங்குவதாக வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். 60 டிகிரியில் ஒரு பெல்ட்டுக்கு 1.15 டன், அதுவே 30 டிகிரியில் 2 டன். மஞ்சள் நிற 3 டன் பெல்ட் எடுங்கள், காதில் டி-ஷாக்கில் (முள் போட்டுப் பூட்டும் இரும்பு வளையம்) போட்டு மாட்டுங்கள். சட்டத்தின் இரும்புச் சேனல் விளிம்பில் பெல்ட் உரசுகிற இடம் இருந்தால் பழைய டயர் ட்யூபை வெட்டிச் செருகுங்கள்.

வைக்கப் போகிற இடத்தை முந்தின நாளே மூங்கில் கழி விட்டுப் பாருங்கள். தண்ணீருக்குள் இன்னும் நாலைந்து படி மறைந்திருக்கும். பீப்பாய் ஒரு படியில் உட்கார்ந்துவிட்டால் மறுபக்கம் சரியும். பீப்பாய்க்கு அடியில் மூன்றடித் தண்ணீராவது இருக்க வேண்டும். குடிதண்ணீர் ஊருணியில் இந்த வேலையே வேண்டாம். கால் கழுவக்கூட யாரும் இறங்காத தண்ணீர் அது, கிரேன் எண்ணெய் ஒரு சொட்டு விழுந்தாலும் தப்பு. கோயில் தெப்பக்குளத்தில் மட்டும் செய்யுங்கள்.

இறக்குவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும், 400 சதுர அடிப் பலகை காற்றைப் பிடித்துத் திரும்பும். இரண்டு மூலையில் நீளமான கயிறு கட்டி ஆள் பிடிக்க வேண்டும், கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. சிக்னல் கொடுப்பது ஒரே ஆள். கமிட்டித் தலைவரே கை காட்டினாலும் ஆபரேட்டர் அந்த ஒருவரைத்தான் பார்க்க வேண்டும். "நிறுத்து" என்று மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

முதலில் அரை அடி தூக்கி அப்படியே நிறுத்தச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம். ரயில் கட்டை அமுங்குகிறதா, மூலைகள் சமமா, போல்ட் இணைப்பில் வாய் பிளக்கிறதா என்று சுற்றி வந்து பாருங்கள். அடியில் யாரும் போக வேண்டாம். ஒரு மூலை தாழ்ந்தால் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கத்து ஷாக்கிலை மாற்றுங்கள். எல்லாம் சரி என்றால் மெதுவாகத் திருப்பி, தண்ணீர் தொடும்போது இன்னும் மெதுவாக விடலாம்.

மிதந்தவுடன் பெல்ட்டைக் கழற்ற எல்லோரும் அவசரப்படுவார்கள். விடாதீர்கள். பெல்ட்டைத் தொய்வாக விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். ஒழுகுகிற பீப்பாய் இருந்தால் அந்த ஓரம் மெல்ல இறங்கும். அப்போதே மேலே தூக்கி மாற்றிவிடலாம். அதற்குப் பிறகு படித்துறைக் கல்தூண்களில் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, கிரேனை அனுப்பிவிட்டு, மண்டபத்தைத் தண்ணீரிலேயே ஏற்றுங்கள். திருவிழாவுக்கு முந்தின நாள் ஆள் எடைக்குச் சமமாக மணல் மூட்டை அடுக்கி, வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே குளத்தை ஒரு சுற்று இழுத்து வாருங்கள்.