சர்வர்களுக்கு வேலை பிரிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் ஆலையோ ஷூ கம்பெனியோ ஈஆர்பி (கணக்கு, சரக்கு, விற்பனை எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் மென்பொருள்) போட முடிவு செய்தால், முதல் பேச்சே "எத்தனை ஜிபி ராம், என்ன ரேட்?" என்றுதான் தொடங்கும். எந்த மெஷினில் எந்த வேலை ஓடும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கொட்டேஷன் அப்புறம் வாங்கலாம்.

வேலைகள் மூன்று: பயனர் பார்க்கும் திரையைத் தரும் வெப் சர்வர், கணக்குப் போடும் அப்ளிகேஷன் சர்வர், தரவை வைத்திருக்கும் டேட்டாபேஸ். மூன்றையும் ஒரே மெஷினில் அடைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மைக்ரோசாப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரில், அது எடுக்கக்கூடிய ராமின் உச்ச வரம்பான 'மேக்ஸ் சர்வர் மெமரி' இயல்பாகவே 2147483647 எம்பி, அதாவது வரம்பே இல்லை. தரவு பெருகப் பெருக அது ராமை எடுத்துக்கொண்டே போகும். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கு) கெடு என்று அக்கவுண்ட்ஸில் மாத விற்பனை ரிப்போர்ட் ஓட்டுவார்கள். அதே நேரத்தில் டெஸ்பாட்ச் பிரிவில் பேக்கிங் லிஸ்ட் வராமல் திரை சுற்றிக்கொண்டிருக்கும், வாசலில் கன்டெய்னர் நிற்கும். பிரிக்க வசதி இல்லையென்றால் அந்த வரம்பையாவது கையால் குறைத்து வையுங்கள். பெரிய ரிப்போர்ட்டுகளை ராத்திரிக்குத் தள்ளுங்கள்.

டொமைன் கன்ட்ரோலரை (எல்லாருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வர்) டேட்டாபேஸ் மெஷினிலேயே வைப்பதும் வேண்டாம். எஸ்க்யூஎல் சர்வர் போட்ட பிறகு அந்தக் கம்ப்யூட்டரை டொமைன் கன்ட்ரோலராக மாற்றுவதை மைக்ரோசாப்ட் ஏற்பதில்லை.

பிரிக்கிறேன் என்று அளவுக்கு மீறிப் பிரிப்பதும் நடக்கிறது. டேட்டாபேஸ் ஆலையில், அப்ளிகேஷன் சர்வர் சென்னை டேட்டா சென்டரில். ஒரு இன்வாய்ஸைச் சேமிக்க மென்பொருள் டேட்டாபேஸிடம் 300 முறை கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் போய்வர 15 மில்லிசெகண்ட் ஆனால் மொத்தம் நாலரை நொடி. இரண்டும் ஒரே நெட்வொர்க் ஸ்விட்சில் இருந்தால் இந்தத் தாமதம் தெரியவே தெரியாது. திரையை எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கட்டும், இந்த இரண்டும் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

இலவசம் என்று எஸ்க்யூஎல் சர்வரின் எக்ஸ்பிரஸ் பதிப்பில் தொடங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபிதான். அந்த வரம்பு நிறைந்தால் புதுப் பதிவு ஏறாது.

பேக்கப்பை அதே மெஷினின் இன்னொரு டிரைவில் எழுதினால் அது பேக்கப் ஆகாது, டிஸ்க் கன்ட்ரோலர் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரே பெட்டியை மென்பொருளால் பல மெய்நிகர் மெஷின்களாகப் பிரித்தவர்களுக்கும் இதேதான்: அடியில் இருக்கும் பெட்டி ஒன்றுதானே.

மாற்றங்களை முதலில் போட்டுப் பார்க்கும் டெஸ்ட் சர்வரை மறந்தே போகிறார்கள். அப்டேட்டை நேராக லைவில் (வேலை ஓடும் சர்வரில்) போட்டுத் தவறினால் ஆலை முழுக்க நிற்கும். பழைய மெஷின் ஒன்று போதும், ஆனால் மென்பொருள் பதிப்பு லைவில் இருப்பதேதான் இருக்க வேண்டும்.

கடைசியாக கரண்ட். வேலூர் வெயிலில் ஏசி நின்றால் சர்வர் அறை சீக்கிரமே கொதிக்கும், யூபிஎஸ் சர்வரை மட்டும்தான் தாங்கும். பராமரிப்பு மின்தடை நாளில் யார் எதை அணைப்பது என்று எழுதி ரேக் கதவில் ஒட்டுங்கள். அணைக்கும்போது வெப், அப்ளிகேஷன், பிறகு டேட்டாபேஸ். ஏற்றும்போது டொமைன் கன்ட்ரோலர் முதலில், அடுத்து டேட்டாபேஸ், அது முழுதாக எழுந்த பிறகே மற்றவை.