ரைஸ் மில்லில் கை வைக்கும் முன் ஒரு பூட்டு

சம்பா அறுவடை முடிந்ததும் தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் ரைஸ் மில்கள் இராப்பகலாக ஓடும். நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரில் நெல் அடைத்துக்கொள்வதும் அப்போதுதான். ‘ரெண்டு நிமிஷ வேலைதானே’ என்று ஒருவர் எலிவேட்டரின் அடிக்குழிக்குள் இறங்கிக் கை விடுவார்; அது தெரியாமல் இன்னொருவர் பச்சை பட்டனை அழுத்திவிடுவார்.

சிவப்பு பட்டனை அமுக்கினால் மட்டும் போதாது. மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்து, கைப்பிடியில் பூட்டுப் போட்டு, சாவியை உள்ளே இறங்குபவரே வைத்துக்கொள்ள வேண்டும். மேஸ்திரி கேட்டாலும் கொடுக்கக் கூடாது. பூட்ட வழியில்லாத பழைய பெட்டியா? ஆஃப் செய்த பிறகு மூன்று ஃபியூஸ் கேரியரையும் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பச்சை பட்டனை ஒரு தரம் அழுத்திப் பாருங்கள், மோட்டார் அசையக் கூடாது. பார்த்ததும் மறக்காமல் சிவப்பை அமுக்கிவிடுங்கள்.

தோளில் துண்டு, தொங்கும் முந்தானை இரண்டும் வேண்டாம். புல்லியும் பெல்ட்டும் சேரும் இடத்தில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். ஓடும் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்லிவிட்டது. ஆனால் கிரீஸ் வைக்கத் தோதாக அந்தத் தடுப்பு மூடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிடுகிறார்கள். கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிளிலிருந்து சின்னக் குழாய் ஒன்றை வெளியே இழுத்துவிட்டால் மூடியைத் தொடவே வேண்டாம்.