வெளிநாட்டில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறதா? காசு கட்டுமுன் விசாவைப் பாருங்கள்

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ கடைசி வருடம் படிப்பவர்கள், அம்பாறை ஹார்டியில் டிப்ளோமா முடிப்பவர்கள் என்று எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் இப்போது வெளிநாட்டு இன்டர்ன்ஷிப் விளம்பரம் வந்து விழுகிறது. டுபாயில் ஹோட்டல், ஜப்பானில் முதியோர் பராமரிப்பு, தாய்லாந்தில் கணினி வேலை. எல்லாமே பொய் என்றால் பிரச்சினையே இல்லை. நல்லதும் கலந்து வருவதால்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சம்பளத்தையும் கடிதத்தில் உள்ள முத்திரையையும் பார்த்து எதுவும் பிடிபடாது. விசாவைக் கேட்டால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

படி 1: விசாவின் பெயரைக் கேளுங்கள்

எந்த விசா? அதில் வேலையோ பயிற்சியோ செய்யலாமா? விண்ணப்பிப்பது யார்? இந்த மூன்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தரகர் போன் எடுத்து, "மனே, ஒண்டுக்கும் யோசிக்காத. விசிட்ல போய் இறங்கு, அங்க மாத்தலாம்" என்றால் பேச்சை அத்தோடு நிறுத்திவிடலாம். சுற்றுலா விசாவில் வேலை செய்து பிடிபட்டால் சட்டத்தை மீறியவர் நீங்கள்தான். சம்பளம் தராவிட்டால்கூட பொலிசுக்குப் போகப் பயம் வரும். ஏமாற்றுகிறவர் நம்பியிருப்பது அந்தப் பயத்தைத்தான். சம்பளமில்லாத பயிற்சிக்குச் சுற்றுலா விசா போதும் என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். பல நாடுகளில் அதுவும் வேலைக் கணக்கில்தான் வரும்.

படி 2: அந்த நாட்டிலிருந்து வரவேண்டிய தாளைக் கேளுங்கள்

அமெரிக்கா என்றால் ஜே-1 விசா. அதற்கு டிஎஸ்-2019 என்ற படிவம் வேண்டும். அந்நாட்டு இராஜாங்கத் திணைக்களம் அங்கீகரித்த அனுசரணை நிறுவனம்தான் அதைத் தரலாம். நிறுவனங்களின் பட்டியல் திணைக்களத்தின் ஜே-1 தளத்தில் இருக்கிறது, நீங்களே தேடிப் பாருங்கள். கூடவே டிஎஸ்-7002 என்ற பயிற்சித் திட்டமும் வரவேண்டும்: என்ன கற்பீர்கள், யார் மேற்பார்வை, கொடுப்பனவு எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். இன்டர்ன் பிரிவுக்கு நீங்கள் படித்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது படிப்பு முடிந்து 12 மாதத்துக்குள் இருக்க வேண்டும். தங்கக்கூடியது அதிகபட்சம் 12 மாதம். ஆகவே "மூன்று வருட ஜே-1 இன்டர்ன்ஷிப்" என்று ஒன்று கிடையாது.

ஜப்பான் என்றால் தகுதிச் சான்றிதழ் (Certificate of Eligibility). ஜப்பானில் உங்களை எடுக்கும் தரப்பு அங்குள்ள குடிவரவு முகவரகத்தில் விண்ணப்பித்து அதைப் பெற்று அனுப்பும். அதைக் காட்டித்தான் கொழும்புத் தூதரகத்தில் விசா எடுப்பீர்கள். வெளிநாட்டவரை வேலையோடு பயிற்றுவிக்க 1993இல் தொடங்கிய தொழில்நுட்பப் பயிலுநர் திட்டத்துக்குப் பதிலாக 2027இல் புதிய திட்டம் வருகிறது. இதைச் சாட்டி "பழைய கோட்டா முடியப்போகுது, இப்பவே கட்டுங்க" என்று அவசரப்படுத்துவார்கள். அவசரப்பட வேண்டாம். பயிலுநரிடம் பிணைக்காசு வாங்குவதையும், வேலையிடத்தை விட்டு ஓடினால் அபராதம் என்று ஒப்பந்தம் போடுவதையும் ஜப்பானியச் சட்டம் தடுத்திருக்கிறது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை அனுமதியை எடுப்பது முதலாளியின் பொறுப்பு. ஆட்சேர்ப்புச் செலவை வேலையாளிடம் அறவிடக்கூடாது என்று 2021ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வேலைக் கடிதத்தில் உள்ள இலக்கத்தை அந்நாட்டு மனிதவள அமைச்சின் தளத்தில் போட்டுப் பார்க்கலாம்.

தாய்லாந்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சுற்றுலாப் பயணி என்ற பெயரில் அங்கே நுழையவைத்து, அந்த ஓட்டை வழியாகவே பலரைக் கூட்டிப் போனார்கள். சட்டப்படி வேலை செய்ய நொன்-இமிகிரண்ட் பி விசாவும் வேலை அனுமதிப்பத்திரமும் வேண்டும். "டேட்டா என்ட்ரி, பேங்கொக் ஒபிஸ்" என்று நம்பிப் போன இலங்கையர் பலர் மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டு, 2024இல் கட்டம் கட்டமாக மீட்கப்பட்டார்கள். விமான நிலையத்திலிருந்து வாகனம் மே சொட் என்ற ஊரை நோக்கிப் போனால் அது பேங்கொக் அல்ல. தலைநகரிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீற்றர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் மியாவடி. இறங்கியதும் போன் வரைபடத்தைத் திறந்து வையுங்கள்.

படி 3: கடிதத்தைக் கையில் எடுங்கள்

அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரியை முழுதாக வாசியுங்கள். பெரிய ஹோட்டலின் பெயர் முன்னால் இருக்கும், பின்னால் வெறும் ஜிமெயில் இருக்கும். ஹோட்டலின் சொந்தத் தளத்தில் உள்ள தொலைபேசிக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்தால் அனுப்பியவரே எடுத்து "ஓம், எங்கட கடிதம்தான்" என்பார். நேர்முகம் வீடியோவில் நடந்ததா, வெறும் சாட்டில் முடிந்ததா? அப்புறம் வங்கிக் கணக்கு: "திருப்பித் தரப்படும் விசா வைப்பு" என்று எழுதி, கீழே ஒரு தனி ஆளின் பெயரில் உள்ளூர்க் கணக்கு இருந்தால் நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

படி 4: ஊரில் சரிபாருங்கள்

சம்பளத்தோடு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். பணியகத்தின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டால் தெரியும், அது காலாவதியாகிவிட்டதா என்றும் பாருங்கள். கல்முனையிலும் வாழைச்சேனையிலும் வீடு தேடி வருகிறவர் பெரும்பாலும் சப் ஏஜென்ட். அவரிடம் இருப்பது இன்னொருவரின் அனுமதிப்பத்திரத்தின் போட்டோ கொப்பி. காசு கொடுப்பதென்றால் ஏஜென்சிக்கே கொடுத்து, அதன் பெயரில் ரசீது வாங்குங்கள்.

ஜப்பானுக்கு ஐஎம் ஜப்பான் என்ற அமைப்போடு சேர்ந்து பணியகமே பயிலுநர்களை அனுப்புகிறது. அதைத் தரகர் வழியாக விலைக்கு வாங்கத் தேவையில்லை. பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கென்று உத்தியோகத்தர் இருக்கிறார். கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் அவரிடம் காட்டுங்கள், பதிவு தேவையா என்றும் கேளுங்கள். மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தின் தொழில் வழிகாட்டல் பிரிவிலும் காட்டலாம்.

படி 5: ஏற்கெனவே காசு கட்டிவிட்டால்

இன்னும் கேட்டால் கொடுக்காதீர்கள். "இன்னும் ஐம்பதாயிரம் போட்டால் முதல் காசும் வரும்" என்பது அதே வலையின் அடுத்த கண்ணி. சாட், ரசீது, வைப்புச் சீட்டு எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள், வாட்ஸ்அப்பை அழிக்க வேண்டாம். அன்றைக்கே வங்கிக்குச் சொல்லுங்கள், பொலிசில் முறைப்பாடு எழுதி இலக்கத்தை வாங்குங்கள், பணியகத்தின் 1989க்கு அழையுங்கள். கடவுச்சீட்டைத் தரகரிடம் கொடுத்திருந்தால் அது தரகரிடம் இருப்பதையும் முறைப்பாட்டில் எழுதச் சொல்லுங்கள்.