போலோவுக்கு வென்டோ பாகம் சேருமா? பார்த்து வாங்கி மாட்டும் முறை

‘ரெண்டும் ஒரே பிளாட்ஃபார்ம்தான் சார், மாட்டிக்கலாம்’ என்று போலோ, வென்டோ கார்களைப் பற்றி மதுரையில் பழைய பாகம் விற்பவர்கள் சொல்வது பாதிதான் சரி. ஃபோக்ஸ்வாகனின் பி.க்யூ.25 அடித்தளம் 2008-இல் சியட் இபிசாவில் வந்தது, 2009-இல் போலோவுக்கு. பிறகு வென்டோ, ஸ்கோடா ரேபிட், ஆடி ஏ1 எல்லாம் அதன் மேல்தான் எழுந்தன. க்யூ என்பது ஜெர்மன் மொழியில் ‘குறுக்காக’ என்ற சொல்லின் முதலெழுத்து. இன்ஜின் குறுக்கே கிடக்கும், முன் சக்கரம் இழுக்கும். அதனால் முன்பக்க அடிப்பாகம் பெரும்பாலும் பொது. ஆனால் வென்டோவின் இரு அச்சுகளுக்கு இடைப்பட்ட நீளம் போலோவைவிட சுமார் 8 செ.மீ. அதிகம் என்பதால் சைலன்சர் பைப், ஹேண்ட்பிரேக் கேபிள் மாறும். ஆக்ஸில் (இன்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) டீசலுக்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று.

ஆகவே கார் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பழைய பாகத்தைத் துடைத்தால் எண் தெரியும். முன்பக்க பால் ஜாயின்ட்டில் (சக்கரம் மேலும் கீழும் ஆடவும் திரும்பவும் விடும் உருண்டை மூட்டு) 6க்யூ0 (6Q0) 407 365 என்றிருக்கும். 6க்யூ என்பது 2001-இல் வந்த முந்தைய போலோவின் அடையாளம். அந்தப் பாகமே அடுத்த தலைமுறைக்கும் தொடர்ந்தது. 407-இல் வரும் 4 முன் அச்சைக் குறிக்கும் (இன்ஜினுக்கு 1, சக்கரம், பிரேக்குக்கு 6). கடைசி எண் ஒற்றையானால் பெரும்பாலும் இடப்பக்கம், இரட்டையானால் வலம்: 365 இடது, 366 வலது. பின்னால் வரும் எழுத்து திருத்தப் பதிப்பு.

வெளிநாட்டுக் கடையில் வரவழைத்தால் இங்கேதான் ஏமாறுவீர்கள். நம் ஒர்க்ஷாப்பில் இடது என்றால் கண்டக்டர் சைடு. ஐரோப்பாவில் பெரும்பாலும் அதுவே டிரைவர் சைடு. எப்போதும் ‘இடது’, ‘வலது’ என்றே கேளுங்கள். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம் என்பதால் ஐரோப்பிய ஸ்டியரிங் ரேக், வைப்பர் லிங்க் வேண்டவே வேண்டாம்.

நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்), கதவுக் கண்ணாடி பழையது வாங்கலாம். ரப்பர், பால் ஜாயின்ட், பூட் (ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை) எல்லாம் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

கண்மாய்க் கரை மண் ரோட்டில் ஓடும் வண்டியில் முதலில் போவது பால் ஜாயின்ட். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்ட் வையுங்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது இன்னொருவர் ஜாயின்ட்டைப் பார்க்கட்டும். அங்கே அசைவு தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான்.

ஆர்மில் (நக்கிளை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை) அதைப் பிடித்திருக்கும் 3 நட்டுகள் இருந்த தடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொண்டு கழற்றுங்கள். மேல் தண்டைப் புல்லர் (இழுத்துப் பிரிக்கும் கருவி) போட்டு எடுங்கள்; சுத்தியலால் அடித்தால் நக்கிள் அடிபடும். பிரிந்ததும் சக்கரப் பக்கத்தை வெளியே அதிகம் இழுக்காதீர்கள்: ஆக்ஸிலின் உள் ஜாயின்ட் விலகும், பூட் கிழியும், ஒரு வேலை இரண்டாகும். பழைய நட்டு, போல்ட்டை மறுபடி போடக் கூடாது.

ஆர்மையே மாற்றினால் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. சக்கரம் தொங்கும் நிலையிலேயே புஷ் (ஆர்ம் அடிச்சட்டத்தோடு சேரும் இடத்து ரப்பர் உருளை) போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். புஷ்ஷின் ரப்பர் நடு உருளையோடு ஒட்டியிருப்பது. அந்த நிலையில் இறுக்கினால் வண்டி இறங்கியதும் முறுகியே நிற்கும், சீக்கிரமே கிழியும். ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, வண்டி தரையில் நிற்கும் உயரத்துக்குத் தூக்கிய பிறகு இறுக்குங்கள்.

வீல் போல்ட்டுக்கு 120 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்), ஒன்றுவிட்டு ஒன்றாக. அன்றே அலைன்மென்ட் பாருங்கள். மறுநாள் திருமங்கலம் வரை போய் வந்து, சக்கரம் ஆறியதும் போல்ட்டை இன்னொரு முறை 120-இல் சரிபாருங்கள்.