மன்னிப்பு குறித்து ஆலோசனை கூறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சபைகளில் குடும்ப ஆலோசனைப் பணிக்குப் புதிதாக வரும் இளம் ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கும்போதெல்லாம், எங்கள் தலைமுறையில் நடந்த அதே பிழைகள் திரும்பவும் நடப்பதைக் காண்கிறேன். வசனத்தை மாற்றிச் சொல்வது, கேட்டதை வெளியே பேசுவது போன்றவற்றை மூத்தவர்கள் உடனே திருத்திவிடுவார்கள். நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதாலேயே கண்ணுக்குத் தப்பும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மன்னித்தவரை உடனே திருப்பி அனுப்புவது

இன்றளவும் எனக்குக் கோபம் மூட்டும் தவறு இதுதான். கணவரிடம் அடிபட்டுத் தாய்வீட்டுக்கு வந்துவிட்ட ஒரு சகோதரியை, பரிசுத்த வாரத்தில் ஒரு சபையின் ஊழியர்கள் அழைத்து உட்காரவைத்து, ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லும் வசனத்தை வாசித்துக் காட்டினார்கள். அவர் தலையைக் குனிந்தபடி "மன்னித்துவிட்டேன் ஐயா" என்றதும், கணவரை அருகில் நிறுத்தி ஜெபித்து, அன்று மாலையே துணிப்பையோடு அனுப்பிவைத்தார்கள். கணவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை. ஈஸ்டர் ஆராதனையின்போது அந்தச் சகோதரி கை முறிந்து மருத்துவமனையில் கிடந்தார்.

அந்த வசனம் மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் 22-ஆவதாக வருகிறது. அதற்கு முன்பே 15 முதல் 17 வரையுள்ள வசனங்களில், குற்றம் செய்தவனிடம் தனியே போய் அதை உணர்த்த வேண்டும், கேளாவிட்டால் சாட்சிகளோடு போக வேண்டும், அதற்கும் இணங்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று ஆண்டவர் ஒழுங்கு வகுத்திருக்கிறார். லூக்கா 17:3-லும் கடிந்துகொள்ளுதல் முதலில் வருகிறது. மன்னிப்பு அதன் பின்னரே.

சகோதரர்களால் விற்கப்பட்டு, பின்னர் எகிப்தின் அதிபதியாக உயர்ந்த யோசேப்பின் வரலாற்றை இந்தக் கண்ணோட்டத்தில் வாசித்துப் பாருங்கள். தானியம் வாங்க வந்த சகோதரர்களை அடையாளம் கண்ட அன்றே அவர் தம்மை வெளிப்படுத்தவில்லை; சிமியோனைக் காவலில் வைத்தார், பென்யமீனை அழைத்துவரச் செய்தார், அவன் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைத்துச் சோதித்தார். தம்மை விற்றுவிடலாம் என்று அன்று யோசனை சொன்ன யூதாவே, "இளையவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன்" என்று முன்வந்த பிறகுதான், அடக்கமாட்டாமல் சத்தமிட்டு அழுதார். மன்னிப்பு ஒருவருடைய உள்ளத்திலேயே நிகழலாம். ஒப்புரவுக்கோ, அதாவது உறவு மீண்டும் இணைவதற்கோ, இருவர் வேண்டும். தவறு செய்தவர் மாறியிருப்பதும் கண்ணால் காணக்கூடியதாக இருக்க வேண்டும். அடி விழும் வீடாக இருந்தால், முதலில் பாதுகாப்பான இடமும் 181 என்ற மகளிர் உதவி எண்ணும், ஜெபக்கூட்டம் பிறகு.

"மறந்துவிடு" என்பது

சொல்லாதீர்கள்.

"சின்ன விஷயம்தானே" என்பது

மன்னியாத ஊழியக்காரன் உவமையில், எஜமானிடம் பட்ட பதினாயிரம் தாலந்து என்னும் பெருங்கடன் மன்னிக்கப்பட்டவன், தனக்கு நூறு வெள்ளிக்காசு தரவேண்டிய உடன் ஊழியனை மன்னிக்க மறுக்கிறான். அந்த நூறு வெள்ளிக்காசு அற்பத் தொகையாகவே பிரசங்கிக்கப்படுகிறது. ஒரு வெள்ளிக்காசு அக்காலத்தில் ஒரு நாள் கூலி. நூறு என்பது ஒரு கூலியாளின் மூன்று மாத உழைப்புக்கும் மேல். அந்தப் பதினாயிரம் தாலந்தோடு ஒப்பிடும்போதுதான் அது சிறிது. காயப்பட்டவரின் இழப்பைக் குறைத்துப் பேசிவிட்டு அவரிடம் மன்னிப்பைக் கேட்பது அநியாயம்.

வழக்கைத் திரும்பப் பெறச் சொல்வது

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளர்களிடையே பணியாற்றிய கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரு மகன்களும் வாகனத்துக்குள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். கொலையாளிகளை மன்னித்துவிட்டதாக அவருடைய மனைவி கிளாடிஸ் வெளிப்படையாகச் சொன்னார். வழக்கு தன் போக்கில் நடந்தது. முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கிளாடிஸின் மன்னிப்பு இதனால் ஒரு துளியும் குறைந்துவிடவில்லை.

ஈடுசெய்வதைப் பேசாமல் விடுவது

இயேசுவைச் சந்தித்த வரிவசூலிப்போர் தலைவரான சகேயு மனம் வருந்துவதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்துவதாக எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அண்ணன் தம்பிக்குள் நிலத் தகராறோ சீட்டுப் பண மோசடியோ உங்கள் முன் வந்தால், கைகுலுக்க வைப்பதற்கு முன், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் திருப்பித் தரப்படும் என்பதைத் தாளில் எழுதி இருவரிடமும் கையொப்பம் வாங்குங்கள்.